சுத்தமான கை

கைப்பெட்டியில் கை வைக்காமல் கோயம்புத்தூரில் இப்போது ஒரு காரியமும் நடக்காது. வேலைக்குச் சேர வேண்டுமா, கை வை. காப்பீடு வேண்டுமா, கை வை. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட ஜாதகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே, "அந்தச் சீட்டு இருக்குதுங்களா?" என்று நைசாகக் கேட்கிறார்கள். கண்ணாடித் தட்டில் உள்ளங்கையைப் பத்து விநாடி பதித்தால் போதும். ஆள் என்ன மாத்திரை விழுங்குகிறான், எந்த நோய்க்கு விழுங்குகிறான் என்று பெட்டி சீட்டடித்துத் துப்பிவிடும். சிவப்புச் சீட்டு வாங்கியவன் அதோடு ஒழிந்தான். பச்சைச் சீட்டில் ஒரே ஒரு சொல் இருக்கும்: சுத்தம்.

யாரையும் காட்டிக்கொடுப்பதற்காக இந்தப் பெட்டி பிறக்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் எவன் நம்புவான்? டாக்டர் யுவராணி சொல்வாள். அவள்தான் அதைப் பெற்றவள். அவள் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா அன்னூர்ச் சந்தையில் மயங்கி விழுந்தார். யாரோ அள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று சொல்ல வீட்டு ஆள் ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. போட்ட ஊசியும் உள்ளே இருந்த மாத்திரையும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் ஆளை முடித்துவிட்டன. ஆறிப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இந்தக் கையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றியதை அவள் விடவில்லை. விழுங்கிய மருந்தில் துளியூண்டு வேர்வையோடு தோலுக்கு வரும். தோல் எதைத் தொட்டாலும் அதன் மேல் ஒட்டும். அப்படி ஒட்டியதைக் கிளப்பி, ஒவ்வொரு மூலக்கூறையும் எடைபோட்டு இன்னது என்று சொல்வது நிறைமானி. அறையளவு பெரிதாக இருந்த அந்தக் கருவியோடு அவள் குடித்தனமே நடத்தினாள். மாத்திரையின் மேல்பூச்சை மட்டும் பார்த்து அது அசலா, போலியா, எந்த ஆலையில் தயாரானது என்று சொல்லிவிடுவாள். அப்புறம் கதவுப்பிடி, தம்ளர், பேனா என்று மனிதர்கள் தொட்டதையெல்லாம் அந்தக் கருவியில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவளுக்கு வழிகாட்டி பேராசிரியர் அங்கப்பன். நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர்.

"பிளாங்க் இல்லாம ஓட்டறது, தராசுத் தட்டைப் பாக்காம நிறுக்கற மாதிரி கண்ணு" என்பார். "மொதல்ல மருந்தே சாப்புடாத ஒரு சுத்தமான கையை ஓட்டு. அதுல சோப்பு தெரியும், வேர்வை தெரியும், தலைக்கு வெச்ச எண்ணெய் தெரியும். இதெல்லாம் கணக்குல வராதுன்னு மிசினுக்குச் சொல்லிப்போடு. அதுக்கப்புறம் எவன் கை வெச்சாலும் மிசின் அதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் காட்டும்."

சுத்தமான கைக்கு எங்கே போவது? அந்தப் புதன்கிழமை ஆய்வகத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருத்தருக்குப் பிரஷர், ஒருத்தருக்குச் சர்க்கரை. ஒரு பெண் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று நகர்ந்துகொண்டாள். வாட்ச்மேன் காலையில்தான் தலைவலி மாத்திரை போட்டிருந்தார்.

"என்ன கருமம் இது, இத்தனை பேர்ல ஒரு சுத்தமான கை இல்லியா?" என்று அங்கப்பன் சிரித்தார். "யுவராணி, நீ குடு கண்ணு. உனக்கென்ன நோயா நொடியா."

யுவராணிக்குப் பதினேழு வயதிலிருந்து வலிப்பு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று மாத்திரை. அம்மாவுக்கும் அவளுக்கும் செத்துப்போன அப்பாவுக்கும் தவிர நாலாவது ஆளுக்குத் தெரியாது. உள்ளே விழுந்து கிடந்தால் கதவை உடைக்க வேண்டிவரும் என்று அம்மா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாள். வெளியே மூச்சுவிடாதே, தெரிந்தால் ஒரு பயலும் கட்டமாட்டான் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அங்கப்பனின் அக்காள் மகன் தண்டபாணிக்கும் அவளுக்கும் நிச்சயமாகி அன்றைக்குப் பத்து நாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? விஞ்ஞானம் பார்ப்பதா, தாலி பார்ப்பதா? அவள் கையைக் கொடுத்துவிட்டாள்.

அவள் கையில் என்ன இருந்ததோ அதெல்லாம் கணக்கில் சேராத அழுக்கு என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. சோப்பு, வேர்வை, தேங்காயெண்ணெய், வலிப்பு மாத்திரை.

அடுத்த மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சோதித்தார்கள். எண்பத்தேழாவது அந்த மாத்திரை. நாட்டில் வலிப்புக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் அதைத்தான் சாப்பிடுகிறார்கள், மலிவு என்பதால். இயந்திரம் அதைப் பார்த்துச் சுத்தம் என்றது. யுவராணி பட்டியலில் எண்பத்தேழுக்கு நேராக ஒரு டிக் அடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு டிக்கில் மறைக்கலாம். மறுபடி அதைப் பார்ப்பதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? பின்னாளில் அந்த இயந்திரத்தைப் பெட்டியளவு சுருக்கி, அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்ட நிறுவனம் மருந்துப் பட்டியலை நாலாயிரம் வரைக்கும் நீட்டியது. பழைய இருநூற்றுப் பன்னிரண்டை ஒருத்தரும் தொடவில்லை. பிளாங்க்கும் அதேதான்.

பெட்டி முதலில் ஆம்புலன்ஸில் போனது. அந்த நாலு வருடம் யுவராணி உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். அவள் அப்பாவைப் போல விழுந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அப்புறம் காப்பீட்டுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் மில் முதலாளிகள், சாப்ட்வேர் கம்பெனிகள், கல்யாணத் தரகர்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று அவள் நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதிலுக்குப் பதவி உயர்வு வந்தது. வாங்கிக்கொண்டாள், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களுக்கு அவள்தான் வகுப்பெடுப்பாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வகுப்பில், கடைசி வரிசையில் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்தாள். மற்றவர்களைவிட வயது கூடின பெண்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. பொட்டி நோயப் பாக்குதுங்களா, மாத்திரையப் பாக்குதுங்களா?"

"மாத்திரையைத்தான்."

"அப்ப நோய் இருந்து மாத்திரை சாப்புடாதவங்க?"

"அவங்களுக்குச் சுத்தம்னுதான் வரும்."

வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சாப்புட்டுட்டு இருந்தவங்க நிறுத்திட்டா, எத்தனை நாள்ல கையை விட்டுப் போகுமுங்க?"

"மருந்துக்கு மருந்து மாறும். பொதுவா ஒன்பது நாள். பத்தாம் நாள் கை சுத்தம்." யுவராணிக்கு அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. "நல்லா கேக்கறயே. உன் பேரென்ன?"

"ருக்குமணிங்க."

அந்த ருக்குமணியின் கையெழுத்துத்தான் இந்த ஆடி மாதம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

கோவில்பாளையத்துக்குப் பக்கத்தில் மில் பெண்களை ஏற்றிக்கொண்டு போன பேருந்து ஒன்று பட்டப்பகலில் பாலத்துச் சுவரில் மோதியது. இரண்டு பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள். ஓட்டுநரும் போய்விட்டான். மோதுவதற்கு முன்பே அவன் ஸ்டியரிங்கில் சாய்ந்து வெட்டிவெட்டி இழுத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சட்டைப்பையில் அந்த மலிவு வலிப்பு மாத்திரையின் காலி அட்டை இருந்தது. மூன்று நாளாக மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லையாம். லீவு கேட்டிருக்கலாமே என்றால், என்ன காரணம் சொல்லிக் கேட்பான்? ஆறு வருடம், வருடத்துக்கு ஒன்றாக, அவனுக்கு ஆறு பச்சைச் சீட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். ஆறிலும் சோதித்தவர் கையெழுத்து ருக்குமணி.

பெட்டி தவறு செய்யாது என்று நிறுவனம் அன்றைக்கே அறிக்கை விட்டது. பெட்டி தவறு செய்யாது என்றால் ஆள்தானே தவறு செய்திருக்க வேண்டும்? கையூட்டு வாங்கிக்கொண்டு வேறு யாருடைய கையையோ வைத்துச் சீட்டடித்துவிட்டாள் என்று ருக்குமணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போலீஸில் வழக்கும் பதிவானது. விசாரணைக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பாவத்துக்குச் சொந்தக்காரி பீளமேட்டில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் படித்தாள். எண்பத்தேழு என்ற எண் முப்பது வருடம் கழித்து வந்து அவள் கழுத்தைப் பிடித்தது.

மூன்றாம் நாள் கணபதிப் பகுதியில் ருக்குமணியின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. கை கழுவப் போனபோது குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. பாவம், சரிசெய்ய வசதியில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெற்று ஆணியும் அதில் வாடாத மல்லிகைச் சரமும் இருந்தன. அதையும் பார்த்தாள். மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டிருக்கும்போது கண் பார்த்து என்ன ஆகும்?

மகள் மகிழினி வந்து வணக்கம் சொன்னாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். மூக்கும் முழியுமாக இருந்தாள். ருக்குமணி அவளை உள்ளே அனுப்பிவிட்டுத் தானே போய் டீ வைத்துக்கொண்டு வந்தாள்.

"ருக்கு, நீ பணம் வாங்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் யுவராணி.

"தெரிஞ்சா போதுமுங்க மேடம்."

"கமிட்டி முன்னால நீ ஏன் வாயே தொறக்க மாட்டேங்கற? பெட்டியை மறுபடி சோதிச்சுப் பாருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

ருக்குமணி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "வேண்டாமுங்க. பொட்டியை யாரும் நோண்ட வேண்டாம். என்ன குடுக்கறாங்களோ குடுக்கட்டும். ரெண்டு வருசமோ மூணு வருசமோ."

"என்ன பேச்சு பேசற நீ? செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போவியா?"

"மேடம்." அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. "நீங்க இதுல எதுவும் பேசாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க பேசாம இருந்தாப் போதும்."

ஏழைக்கு வருகிற விரக்தி என்று யுவராணி எடுத்துக்கொண்டாள். தன்னைப் போன்ற ஒரு பெரிய மனுஷிக்குச் சங்கடம் வரக்கூடாதென்று நினைக்கிறாள், என்ன மனசு என்று காரில் உட்கார்ந்து அழவும் செய்தாள். அழுது முடித்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இத்தனை வருடம் ஒளித்தது போதும், இந்தப் பெண்ணை நான் காப்பாற்றுகிறேன் என்று முடிவு செய்தாள். அப்படி நினைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நல்லது செய்யப்போகிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதற்கு இருக்கிற போதை கள்ளுக்கும் கிடையாது.

முதலில் வீட்டில் சொன்னாள். கணவர் தண்டபாணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப அந்தத் தைராய்டு மாத்திரை?"

"தைராய்டு டப்பாதான். உள்ள இருக்கறது அது இல்லைங்க."

"முப்பது வருசம்" என்றார் அவர். "நீ மறந்துட்டா நாந்தான டப்பாவை எடுத்துட்டு வந்து தண்ணியோட குடுப்பேன்." திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அன்றையிலிருந்து அவர் படுக்கை கூடத்துக்குப் போய்விட்டது. பேச்சு பால்காரன், கேஸ் சிலிண்டர் என்ற அளவில் நின்றுபோனது. எனக்கும் ஒரு தண்டனை வேண்டும்தானே என்று அவள் அதையும் ஏற்றுக்கொண்டாள்.

கமிட்டிக்கு ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி தலைவர். நிறுவனத்தின் சார்பில் பிரணவ் என்ற நிர்வாகி வந்திருந்தான். அவளுக்கு மகனாகும் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் பழம் தின்று கொட்டை போட்டவன். யுவராணி தன் கைப்பையிலிருந்து வலிப்பு மாத்திரை ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பொடியாக்கினாள். அந்தக் கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். பச்சைச் சீட்டு வந்தது. சுத்தம்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டை மறுபடி படித்தார். "என்னம்மா இது, கையில பொடி கண்ணுக்கே தெரியுது?"

"பெட்டிக்குத் தெரியாதுங்கய்யா. தெரியக்கூடாதுன்னு அதுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்." முப்பது வருடக் கதையையும் அவள் நின்றபடியே சொன்னாள். பிளாங்க், டிக், எண்பத்தேழு, எல்லாம். "அந்தச் சீட்டுகள்ல ருக்குமணி போட்ட கையெழுத்து ஆறும் நேர்மையான கையெழுத்து. பொய்க் கையெழுத்து என்னுடையது. தண்டனை எனக்குக் கொடுங்க."

கொடுத்தார்களா? அதுதான் வேடிக்கை. பிரணவ் அவளைத் தனியாக அழைத்துப் போய்க் காபி வாங்கிக் கொடுத்தான்.

"மேடம், இதைத் தப்புன்னு ஏன் சொல்லணும்? மேம்பாடுன்னு சொல்லுவோம். பிளாங்க்கை மாத்தறது எங்களுக்கு ஒரு மத்தியான வேலை. நாளைக்கே நாடு முழுக்க எல்லாப் பெட்டியும் வலிப்பு மாத்திரையைப் பாக்க ஆரம்பிச்சிரும். நீங்க இந்தப் பெட்டியோட தாய். உங்களுக்குத் தண்டனைன்னா பெட்டிக்கு அசிங்கம்."

"என் கையை வெச்சாலும் சிவப்புத்தானே வரும்?"

"வராது மேடம். புது பிளாங்க்கோட உங்க கைரேகையை மட்டும் விலக்குப் பட்டியல்ல போட்டுருவோம். நீங்க எந்தப் பெட்டியில வெச்சாலும் பச்சைதான்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அப்போது ருக்குமணியின் வழக்கைத் திரும்பப் பெற்ற காகிதத்தை அவன் மேசைமேல் வைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். வந்த காரியம் முடிந்ததல்லவா? அந்த மாதக் கடைசியில் மேடை போட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நேர்மை என்றால் என்ன என்று மூன்று பேர் பேசினார்கள்.

புதிய பிளாங்க் போன முதல் வாரத்தில் மட்டும் நாற்பதாயிரம் சிவப்புச் சீட்டுகள். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், ஒரு வங்கிக் கிளார்க், ஆஸ்பத்திரிச் சமையல்காரர். அது வரைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு தொந்தரவுமில்லாமல் வேலை பார்த்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போனார்கள். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்த இடத்தில்கூடச் சம்பந்தம் முறிந்தது. யுவராணி செய்தி பார்ப்பதை நிறுத்தினாள். ஒரு உயிரையாவது காப்பாற்றினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ருக்குமணி நன்றி சொல்ல வருவாள் என்று காத்திருந்தாள், பொய் சொல்வானேன். ருக்குமணி வரவில்லை. போன் பண்ணினாலும் எடுக்கவில்லை.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலை ஏழரை மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ருக்குமணி இறங்கி வந்தாள். கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

"வா ருக்கு, வா. எத்தனை தடவை போன் பண்ணினேன் தெரியுமா?"

"தெரியுமுங்க." அவள் உட்காரவில்லை. பத்திரிகையை நீட்டினாள். "மகிழினிக்கு வர்ற வியாழக்கிழமை முகூர்த்தம். பழகுன பழக்கத்துக்குக் குடுக்கோணுமில்ல, அதுக்குத்தான் வந்தேன்."

"ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"சூலூர்ல மோட்டார்க் கம்பெனி. அவங்க வீட்டுல சீட்டு கேட்டாங்க. போன திங்கக்கிழமை கை வெச்சா." ஒரு பச்சைச் சீட்டை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். "சுத்தம்."

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. "ஏன் ருக்கு, அவளுக்கென்ன?" என்று கேட்ட அதே நொடியில், யுவராணிக்குக் குளியலறைக் கதவின் இரண்டு ஓட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. அவளுடைய அம்மா கழற்றியபோதும் அதே மாதிரி இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன.

"ஒன்பது வயசுல வந்துச்சுங்க. உங்களுக்கு இருக்கறதுதான்" என்றாள் ருக்குமணி. "அதுக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். பொட்டி எப்படி ஆளைப் புடிக்குதுன்னு தெரிஞ்சுக்கோணும்னு. ஒரு நாள் யாருமில்லாதப்பப் புள்ள கையை வெச்சுப் பாத்தேன். பச்சை வந்துச்சு. மூணு தடவை வெச்சேன், மூணும் பச்சை. அப்புறம் பழைய பைலைத் தோண்டிப் பாத்தா, பிளாங்க்குக்குக் கை குடுத்தது யாருன்னு பேரு போட்டிருந்துச்சு."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. நீங்க வேணும்னேதான் செஞ்சீங்கன்னு நெனச்சேன். இத்தனை லட்சம் சனத்துக்குச் சத்தமில்லாம ஒரு சந்து தொறந்து வெச்சிருக்கா மகராசின்னு. என்னை மாதிரிப் பெத்தவங்க பத்து நூறு பேருக்கு ரகசியமாச் சொன்னேன், பயப்படாம மாத்திரை குடுங்க, பொட்டி நம்ம புள்ளைகளைப் பாக்காதுன்னு. சாமி படத்துக்குப் பக்கத்துல உங்க போட்டோவை மாட்டித் தெனமும் பூ வெச்சனுங்க. நீங்க வந்தன்னிக்குத்தான் அவசரமா எடுத்து ஒளிச்சேன்."

"நீ ஜெயிலுக்குப் போயிருப்பே ருக்கு. நான் எப்படிப் பாத்துட்டு இருக்கறது?"

"போயிருப்பேன். ரெண்டு வருசம் இருந்துட்டு வந்திருப்பேன். நான் கேட்டனுங்களா, என்னைக் காப்பாத்துங்கன்னு? பேசாம இருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டனே."

"ரெண்டு பொம்பளைங்க செத்துப்போனாங்க. அதை நெனச்சுப் பாத்தியா?"

"நெனைக்காத நாளில்லீங்க. ஆனா அந்த டிரைவர் மாத்திரை சாப்புட்ட ஆறு வருசமும் ஒழுங்கா ஓட்டுனான். மாத்திரை கெடைக்காத மூணு நாள்லதான் அவங்க செத்தாங்க. இப்ப என்னாச்சு? எல்லாருமே மாத்திரைய நிறுத்திட்டுத்தான் வண்டி ஓட்டறாங்க, பச்சைச் சீட்டைப் பையில வெச்சுக்கிட்டு."

"மகிழினி எத்தனை நாளா மாத்திரை சாப்பிடலை?"

"பதினாறு நாளாச்சு."

"என்ன காரியம் பண்ணியிருக்கே. இப்படித் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. எத்தனை நாள்ல கையை விட்டுப் போகும்னும் தெரியும். நீங்கதான வகுப்புல சொன்னீங்க. ஒன்பது நாள், பத்தாம் நாள் கை சுத்தம்னு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"கல்யாணம் முடிஞ்சதும் ஆரம்பிச்சிடலாம். நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். அவங்க வீட்டுக்குத் தெரியாம..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தைராய்டு டப்பா அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"அவ சேர்ற வேலையில மாசா மாசம் பொட்டி வெக்கறாங்க மேடம்" என்றாள் ருக்குமணி. கோபத்தின் உச்சியைத் தாண்டி அவள் குரல் சாதாரணமாகிவிட்டிருந்தது. "எப்ப ஆரம்பிக்கறது? பத்திரிகை குடுத்துட்டேன். வந்தாலும் சரி, வராட்டியும் சரி. போய்ட்டு வாரேனுங்க."

யுவராணி அவள் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனாள். ஆட்டோவுக்குள் மகிழினி உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ. யுவராணியைப் பார்த்ததும் கைகூப்பிச் சிரித்தாள். வலது முழங்கைக்குக் கீழே தோசைக்கல்லில் சுட்ட புண் பச்சையாக இருந்தது. கீழுதட்டில் பல் பதிந்த காயத்தை மறைக்க லிப்ஸ்டிக் தடித்துப் போட்டிருந்தாள். அந்தக் காயம் எப்படி வருகிறது என்று யுவராணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"கண்டிப்பா வந்துருங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். "அம்மா உங்களைப் பத்தி நெறையச் சொல்லியிருக்காங்க."

ஆட்டோ திரும்பித் தெருமுனையில் மறைந்தது. யுவராணி உள்ளே வந்தாள். கூடத்தில் தண்டபாணி போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். சுவர்க் கடிகாரம் எட்டு காட்டியது. அவள் சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்து தைராய்டு டப்பாவை எடுத்துத் திறந்து, தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். அவளுக்கு விலக்கு இருந்தது.